நீச்சல் பயிற்றுநர் ஆக விரும்புவோருக்கு

நன்றாக நீந்தத் தெரிந்தவர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வந்துவிடாது. இந்தியாவில் மதிப்புள்ள சான்று பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் தருவது. ஆறு வாரச் சான்றிதழ், ஓராண்டுப் பட்டயம் என இரண்டு வழி உண்டு. போட்டிச் சான்றிதழ்களை எடுத்துவையுங்கள். தகுதி விதிகளை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

அதற்கும் முன்பே உயிர்காப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். மூழ்கியவருக்கு மூச்சில்லை என்றால் முதலில் 5 முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 ஊதல் என மாறி மாறி. பெரியவர் என்றால் அழுத்தம் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதாது, ரத்தத்தில் ஆக்சிஜனே தீர்ந்திருக்கும்.

அடுத்து மூத்த பயிற்றுநர் ஒருவரிடம் உதவியாளராகச் சேருங்கள். கண் பழகுவது அங்கேதான். புதியவரின் கால் மூழ்குகிறதா? காலைத் திருத்தாதீர்கள், தலையைப் பாருங்கள். மூச்செடுக்க முகத்தைத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும். பார்வை குளத்தடியில் இருக்கட்டும். நீருக்குள்ளேயே மூச்சை விட்டுவிட்டுத் தலையைப் பக்கவாட்டில் திருப்பட்டும். உள்ளே மூச்சை அடக்குபவர், வெளியே வந்ததும் விடவும் இழுக்கவும் நேரமின்றித் திணறுவார்.

எல்லாரும் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். ஒருவரைத் திருத்தும்போது மற்றவர்கள் சுவரைப் பிடித்திருக்க வேண்டும்.