இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கு இறக்குங்கள்: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இடைவெளி விரதம்

காலை 6.30க்குப் பால் தேத்தண்ணி. எட்டு மணிக்குப் பாணோ இடியப்பமோ. பத்தரைக்கு இன்னொரு தேத்தண்ணி, கூட இரண்டு பிஸ்கற். ஒன்றரைக்குச் சோறு. நாலரைக்கு வடையோ றோல்ஸோ, திரும்பவும் தேத்தண்ணி. இரவு ஒன்பதுக்குப் புட்டு. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் நாள் இப்படித்தான் போகிறது. கூட்டிப் பார்த்தால் முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை பதினாலரை மணித்தியாலம். இந்தப் பதினாலரையைப் பத்தாக்கி, முடிந்தால் எட்டாக்குவதுதான் இடைவெளி விரதம். மிச்ச நேரத்தில் தண்ணீரும் சீனி போடாத பிளேன்ரீயும் மட்டும்.

நேரத்தைச் சுருக்கினால் மட்டும் கொழுப்பு கரைந்துவிடாது. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் வைத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். பாதிப் பேரைக் காலை 8 முதல் மாலை 4 வரைக்குள் மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் நிறை குறைந்தது. நேரம் பார்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் குறையவில்லை. ஆகவே நேரக்கட்டுப்பாட்டின் வேலை, நாள் முழுக்கத் தெரியாமல் உள்ளே போகிற சாமானை நிறுத்துவதுதான். நாலரை மணி றோல்ஸும் ஒன்பது மணிப் புட்டும் நின்றால் நிறை இறங்கும். அவற்றை அப்படியே எட்டு மணித்தியாலத்துக்குள் தள்ளிச் சாப்பிட்டால் இறங்காது. வெள்ளிக்கிழமை விரதம் வருடக்கணக்காகப் பிடித்தும் பலருக்கு வயிறு குறையாததற்கு இதுவே காரணம்: பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு, பிறகு வாழையிலையில் இரண்டு தரம் சோறு, வடை, பாயாசம், பொரித்த அப்பளம், மோர்மிளகாய்.

யார் தொடக்கூடாது

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், ஏற்கெனவே மெலிந்த முதியவர்கள், சாப்பாட்டு விஷயத்தில் மனநோய் வரலாறு உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம். சிறுநீரக வருத்தம், பித்தப்பைக் கல், அல்சர் இருந்தால் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது.

சீனி வருத்தக்காரர் கவனமாக வாசிக்கவும். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், கிளிமெபிரைட், ரொல்பியூற்றமைட் குளிசை எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். இந்தக் குளிசைகள் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். காலைக் குளிசையை வழக்கப்படி போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பத்து மணிக்குத் தள்ளினால், ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது கை நடுங்கி, வியர்த்து, கண் இருளும். மெற்போமின் தனியே எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. ஆனால் அதைச் சாப்பாட்டோடு எடுக்காவிட்டால் வயிற்றைப் பிரட்டும். எம்பாகிளிபுளோசின் வகைக் குளிசையோடு நீண்ட பட்டினி இருந்தால், சீனி அளவு பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகலாம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டி, குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

குளுக்கோமீற்றர் 70க்குக் கீழே காட்டினால் அந்த நிமிடமே விரதம் முடிந்தது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தரம். ஏறியதும் கொஞ்சம் சாப்பாடு.

பிறசருக்கு மூத்திரம் கழியும் குளிசை எடுப்பவர்களுக்கு வெயில் காலத்தில் எழும்பும்போது தலை சுற்றும். இதுவும் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விஷயம். தைரொக்சின் எடுப்பவர்களுக்கு இந்த முறை வசதி, அது எப்படியும் வெறும் வயிற்றில் போக வேண்டிய குளிசை.

தொடங்கும் விதம்

முதல் மூன்று நாள் ஒன்றையும் மாற்றாமல், வாய்க்குள் போவதெல்லாம் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள். பிள்ளையின் தட்டில் மிஞ்சிய ரொட்டித் துண்டும், சமைக்கும்போது உப்புப் பார்த்த இரண்டு கரண்டியும், கடையில் வாங்கிக் கொறித்த கச்சானும் கணக்கில் சேரும்.

முதல் வாரம் இரவுச் சாப்பாட்டை மட்டும் ஒன்பதிலிருந்து எட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாம் வாரம் ஏழு. மூன்றாம் வாரம் ஆறு. காலைச் சாப்பாடு எட்டிலேயே நிற்கட்டும். ஆறரைப் பால் தேத்தண்ணி பிளேன்ரீயாக மாறட்டும். இப்போது 14 மணித்தியாலம் விரதம், 10 மணித்தியாலம் சாப்பாடு. பலருக்கு இதுவே போதும். நாலாம் வாரம் உடம்பு ஒத்துக்கொண்டால் காலைச் சாப்பாட்டைப் பத்துக்குத் தள்ளினால் 16:8 ஆகும்.

காலையை விட்டு மத்தியானம் 12 முதல் இரவு 8 வரை சாப்பிடுவது இலகு என்று பலர் அதைப் பிடிப்பார்கள். 2020இல் அமெரிக்காவில் அந்த நேரத்தை வைத்தே 116 பேரிடம் 12 வாரம் பார்த்தார்கள். மூன்று வேளை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட, நிறையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. மறுபக்கம், 2018இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற எட்டு ஆண்களைப் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னமே கடைசிச் சாப்பாட்டை முடிக்கச் செய்தபோது, நிறை குறையாமலே பிறசரும் இன்சுலின் வேலை செய்யும் விதமும் நன்றாகின. எட்டுப் பேர் என்பது சின்னக் கணக்குத்தான். என்றாலும் சாப்பாட்டை முன்னுக்கு இழுப்பதே நல்லது என்ற பக்கம் நாங்கள் நிற்கிறோம். பிள்ளைகள் ரியூசன் முடிந்து எட்டு மணிக்கு வரும் வீட்டில் பெரியவர்கள் ஆறுக்குச் சாப்பிட்டுவிட்டு, எட்டுக்குப் பிளேன்ரீயோடு அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கலாம்.

தேத்தண்ணி

இந்த ஊரில் விரதம் பிசகும் முதல் இடம் இது. குவித்த இரண்டு தேக்கரண்டி பால்மாவும் இரண்டு தேக்கரண்டி சீனியும் போட்ட ஒரு கோப்பையில் சுமார் 80–90 கலோரி இருக்கிறது. நாளுக்கு நாலு கோப்பை என்றால் 320–360 கலோரி. கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. விரத நேரத்தில் பால் ஒரு சொட்டும் வேண்டாம். பிளேன்ரீ, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ, மல்லித்தண்ணி, பால் இல்லாத கோப்பி எல்லாம் சரி. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிற வழக்கம் விரதத்தை முறிக்கும். பனங்கட்டியும் சீனிதான், பனையிலிருந்து வந்தாலும். இளநீரும் முறிக்கும், கஞ்சித்தண்ணியும் முறிக்கும், நெஸ்டமோல்ட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

சாயம் கடுமையாகப் போட்ட பிளேன்ரீ வெறும் வயிற்றை எரிக்கும். சாயத்தைப் பாதியாக்குங்கள். சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு கிழமைக்குத் தேத்தண்ணி மருந்து மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு பழகிவிடும். தேத்தண்ணி குறைந்ததால் தலையிடி வந்தால், பாதி அது கோப்பி, தேயிலைக்குப் பழகிய தலை. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்ப் பற்றாக்குறை. சித்திரை தொடங்கி ஆவணி வரை இந்த வெயிலில் நாளுக்கு இரண்டரை லீற்றருக்குக் குறையக்கூடாது, தோட்டத்தில் நிற்பவர்களுக்கு அதற்கும் மேலே. சமய விரதம் போலத் தண்ணீரும் விடுவது நிறையைக் குறைக்க எந்த வகையிலும் உதவாது.

தட்டில் என்ன

விரதம் முறிக்கும் முதல் சாப்பாட்டில் புரதம் முன்னுக்கு வரவேண்டும். நிறை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும்; 2020 ஆய்வில் அதுவே கவலையாக இருந்தது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று வைத்தால் 65 கிலோ ஆளுக்கு 65–78 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், அவித்த கடலை ஒரு கோப்பையில் 15 கிராம் அளவில். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

காலை பத்து மணிக்கு: குரக்கன்மாவும் வறுத்த சிவப்பரிசிமாவும் பாதிப் பாதி கலந்து அவித்த புட்டு ஒரு கோப்பை, முட்டை இரண்டு அல்லது கடலை ஒரு கோப்பை, முருங்கையிலை வறை. புட்டில் மா ஒரு கோப்பைக்குத் தேங்காய்ப்பூ ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். 100 கிராம் தேங்காய்ப்பூவில் சுமார் 350 கலோரி. புட்டுக்குள் தேங்காய், பக்கத்தில் சம்பல், மேலே சொதி என்று மூன்று இடத்தில் தேங்காய் வந்தால் நேரக்கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். சொதிதான் வேண்டுமென்றால் கப்பிப்பாலில் வையுங்கள், முதற்பால் விட வேண்டாம்.

மத்தியானம்: சோறு ஒரு கோப்பை, மட்டமாக. அவித்து அளந்த ஒரு கோப்பைச் சோறு சுமார் 200 கலோரி. வீட்டில் சாதாரணமாக ஒரு தட்டில் போடுவது மூன்று கோப்பை வரும். ஒருதரம் அளந்து பாருங்கள். மீன் இரண்டு துண்டு, குழம்பாக; பொரித்தால் வாரத்துக்கு ஒரு நாள். தட்டில் பாதி கீரை, புடலங்காய், பயிற்றங்காய், வல்லாரைச் சம்பல்.

மாலை ஆறுக்கு: இடியப்பம் நாலு, பருப்பும் மீனும். அல்லது ஒரு கோப்பை ஒடியல் கூழ். மீன், நண்டு, பயிற்றங்காய் எல்லாம் உள்ளே, எண்ணெய் கிடையாது, வயிறும் நிறையும். ஒரு கோப்பையோடு நிற்பதுதான் பெரிய விரதம்.

சாப்பிட்டு 15–20 நிமிடம் நடந்தால் சீனி ஏறுவது குறையும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பதைப் பத்துப் பத்தாக மூன்று தரம் செய்தால் தசை நிற்கும்.

செவ்வாயும் வெள்ளியும்

நேரக்கட்டு ஒத்துவராதவர்களுக்கு 5:2 முறை உண்டு: வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு 500, ஆண்களுக்கு 600 கலோரி, மற்ற ஐந்து நாளும் வழமையான அளவு. எப்படியும் சைவமாகச் சமைக்கும் செவ்வாயையும் வெள்ளியையும் இதற்கு எடுக்கலாம். ஒரு கோப்பைச் சோறு, பால் விடாத பருப்பு அரைக் கோப்பை, ஒரு கரண்டி தேங்காய்ப்பூ போட்ட கீரை வறை, ஒரு கிளாஸ் மோர், ஒரு கீற்றுப் பப்பாசி: எல்லாம் சேர்த்து 500க்குள் அடங்கும். வடையும் பாயாசமும் இந்தக் கணக்கில் இல்லை.

கந்தசஷ்டியின் ஆறு நாள் வேறு கதை. அது வழிபாடு, மெலிவதற்கு அதைப் பிடிக்க வேண்டாம். தண்ணீரோடோ பால் பழத்தோடோ ஆறு நாளும் இருப்பவர்களுக்கு ஆபத்து பாறணையில் வரும். பல நாள் பட்டினிக்குப் பிறகு மாச்சத்து ஒரேயடியாக இறங்கினால் இன்சுலின் துள்ளும், இரத்தத்தில் இருக்கும் பொஸ்பேற்றும் பொற்றாசியமும் கலத்துக்குள் இழுபடும். மெலிந்தவர்களுக்கும் மது குடிப்பவர்களுக்கும் இதயத்துடிப்பே பிசகலாம். ஏழாம் நாள் காலை அரைக் கோப்பைக் கஞ்சியும் கொஞ்சம் பருப்பும். இரண்டு மணித்தியாலம் பொறுத்து இன்னும் கொஞ்சம். பாயாசமும் வாழையிலைச் சோறும் அடுத்த நாளைக்கு.

எங்கே பிழைக்கும்

முதல் வாரம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். ஈரலிலும் தசையிலும் கிடக்கும் கிளைக்கோஜன் குறையும்போது அதோடு ஒட்டியிருந்த தண்ணீர் போகிறது. அதற்குப் பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ நல்ல வேகம். நிறையை வாரத்துக்கு ஒரு தரம், ஒரே நாள், காலையில் மலசலம் கழித்த பிறகு பாருங்கள். இடுப்பையும் தொப்புள் மட்டத்தில் அளவுநாடாவால் அளவுங்கள்: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் குறைக்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

நெஞ்செரிவு வந்தால் முதல் சாப்பாட்டில் உறைப்பைக் குறையுங்கள். பதினாறு மணித்தியாலம் காய்ந்த வயிற்றில் எங்கள் கறித்தூள் நேரே இறங்கினால் எரியத்தான் செய்யும். மலம் இறுகினால் கீரையும் பப்பாசியும் தண்ணீரும். டைக்ளோஃபினாக், அஸ்பிரின் போன்றவற்றை வெறும் வயிற்றில் போட வேண்டாம். இரத்தச் சீனி பார்க்கப் போகும் நாளுக்கு முதல்நாள் விரதத்தை நீட்டாதீர்கள்; 8 முதல் 12 மணித்தியாலம் போதும்.

ஆறு வாரம் போயும் முள் அசையாவிட்டால் நேரத்தை இன்னும் சுருக்காதீர்கள். பத்துக்கும் ஆறுக்கும் நடுவில் எத்தனை தரம் கை தட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். எண்ணெயையும் தேங்காயையும் ஒரு வாரம் அளந்து போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, கறிக்குக் கறி கண்ணளவில் ஊற்றும்போது அது தெரியாது. அதுவும் சரியாக இருந்து, உடம்பு ஓயாமல் சோர்ந்து, முடி கொட்டி, மாதவிடாய் பிந்தினால் விரதத்தை நிறுத்திவிட்டுத் தைரொயிட்டையும் இரத்தத்தையும் பரிசோதியுங்கள்.