பட்லியாவுக்கு வெயில், கறிவேப்பிலைக்குப் புழு

தை பிறந்ததும் கத்தரிக்கோலோடு மொட்டை மாடிக்கு ஏறுவேன். பட்டாம்பூச்சிகளைத் தேனால் இழுக்கும் பூச்செடியான என் பட்லியாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டுகிற நாள் அது. "நல்ல செடியை இப்படியா மொட்டையடிப்பது, தம்பி?" என்று பக்கத்து வீட்டு அக்கா வருடந்தோறும் மனம் நொந்து கேட்பார். வெட்டாமல் விடுவதுதான் தவறு. பட்லியா அந்த வருடம் விடும் புதுத் தளிரின் நுனியில்தான் கதிர்கதிராகப் பூக்கும். இரண்டு வருடம் வெட்டாமல் விட்டால் அடியெல்லாம் விறகாகி, தலைக்கு மேலே எங்கோ நாலு பூ ஆடும். ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். குளிர்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும் நம் நாட்டு வகை, பட்லியா ஏசியாட்டிகா, பழைய கிளையில் பூப்பது. அதைத் தையில் வெட்டினால் மொட்டெல்லாம் குப்பைக்குப் போகும். பூ ஓய்ந்த பிறகே வெட்ட வேண்டும்.

அடுத்த தவறு தண்ணீர். இங்கே அதிகச் செடிகள் சாவது அதனால்தான் என்பேன். ஊதாப் பூ பூக்கும் பட்லியா சீனாவின் மலைச்சரிவுகளிலும் ஆற்றோரக் கற்களுக்கு நடுவிலும் வளர்ந்தது. வேர் ஈரத்தில் ஊறிக் கிடப்பதை அது தாங்காது. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மழை கொட்டும்போது தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் கதை முடிந்தது. என் முதல் செடி அப்படித்தான் போயிற்று. இலை வாடியதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, விரலில் வழுவழுவென்று கழன்று வந்தது. இப்போது செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து, 15 அங்குலத்துக்குக் குறையாத தொட்டியில் வைக்கிறேன். மேல்மண்ணில் விரலை நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கிடைக்காத பால்கனியில் இதை வைக்காதீர்கள். உரத்தை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், பூ வராது. வாடிய கதிரை உடனே கிள்ளிவிட்டால் அடுத்த கதிர் வரும்; விதையும் பறக்காது. பிரிட்டனில் ரயில் பாதை ஓரமெல்லாம் இது களையாகப் பரவியது அந்த விதையால்தான்.

மருந்து விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் செடிக்குள் ஊடுருவித் தேன் வரைக்கும் போகும். பட்டாம்பூச்சியை அழைத்து நஞ்சு ஊட்டுவதற்குச் செடி எதற்கு? வேப்பெண்ணெயும் பட்டாம்பூச்சிப் புழுவின் வளர்ச்சியைத் தடுத்துவிடும். மார்ச், ஏப்ரலில் இலையடியில் சிலந்திப்பேன் பிடித்தால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பாலும் போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பட்டாம்பூச்சி வரவில்லையே என்பவர்களின் வீட்டில் பட்லியா மட்டும் இருக்கும். அது தேன் தரும் செடி. முட்டையிட வேறு இலை வேண்டும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு. கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிக்குப் பெயரிலேயே இருக்கிறது.

போன ஆடியில் அக்கா மருந்துப் புட்டியோடு நின்றார். "கறிவேப்பிலை முழுக்கக் காக்கை எச்சம், தம்பி. தொட்டால் நகர்கிறது!" எச்சம் போலத் தெரிந்தது இளம்புழு. பக்கத்துக் கிளையில் பச்சைக்கு மாறிவிட்ட பெரிய புழு ஒன்று இருந்தது. அதை மெல்லத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பு ஒன்று பிதுங்கி வந்தது. கூடவே காரமான வாடை. அக்கா புட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த ஒரு தொட்டியைப் புழுவுக்கு விட்டுவிடுங்கள் அக்கா. ரசத்துக்கு என் செடியில் பறித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

புழு காணாமல் போனால் பறவை தின்றது என்று முடிவுகட்டி மாடியைக் கழுவிவிடாதீர்கள். கூட்டுப்புழுவாவதற்குத் தண்டு, கைப்பிடிச் சுவர் என்று எங்காவது போய், இடுப்பில் ஒரே ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்கும். அக்காவின் புழு துணிக்கொடிக் கம்பத்துக்குப் போயிருந்தது. ஈரப் புடவையைக் கொடியின் மறுகோடியிலேயே பத்து நாளுக்கு மேல் காயப்போட்டார் அவர்.