டிஸ்ட்ரிக்ட் கோர்ட் தடை நமக்கும் செல்லுமா? பாக்கற வழி

அமெரிக்காவுல அரசாங்க ஆர்டர் ஒண்ணுக்கு ஏதோ ஒரு டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் (கீழ்மட்ட ஃபெடரல் கோர்ட் ஜட்ஜ்) தடை போட்டுட்டாருன்னு நியூஸ் வந்த உடனே அப்பாடான்னு உக்காந்துடாதீங்க. 2025 ஜூன் 27 அன்னிக்கு டிரம்ப் எதிர் காசா (CASA, குடியேறினவங்களுக்கான ஒரு அமைப்பு) கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 6-3ல சொன்னது என்னன்னா, கேஸ் போட்டவங்களுக்கு முழு நிவாரணம் கிடைக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவுக்கு தான் தடை, அதத் தாண்டி நாட்டுல இருக்கற எல்லாருக்கும்னு போடற அதிகாரத்த ஃபெடரல் கோர்ட்டுகள அமைச்ச 1789 ஜுடிஷியரி சட்டம் இந்தக் கோர்ட்டுகளுக்குக் குடுத்த மாதிரி தெரியல. எழுதினது ஜஸ்டிஸ் பேரட். அந்தக் கேஸ் வந்ததே, சில குழந்தைங்க அமெரிக்காவுல பொறந்தாலும் சிட்டிசன் இல்லன்னு சொல்ற டிரம்ப்போட பிறப்புக் குடியுரிமை ஆர்டரால; ஆனா அந்த ஆர்டர் சரியா தப்பான்னு அன்னிக்கு முடிவு பண்ணவே இல்ல, இதத்தான் நிறைய பேர் குழப்பிக்கறாங்க.

அதனால மொதல்ல கோர்ட் போட்ட தடை ஆர்டரோட கடைசிப் பக்கங்களத் தொறங்க, யார்மேல தடை, யாருக்காகத் தடைன்னு அங்க தான் இருக்கும். தனி ஆள் போட்ட கேஸ்னா அவரோட நின்னுடும். சங்கம் போட்டதுன்னா அதோட மெம்பர்களுக்குன்னு எழுதியிருக்கான்னு பாருங்க.

அடுத்து கிளாஸ் ஆக்‌ஷனான்னு, அதாவது ஒரே நிலைமைல இருக்கற எல்லாருக்கும் சேத்து சிலர் போட்ட கேஸான்னு பாருங்க, இப்ப பெரிய கதவு இதுதான். தீர்ப்பு வந்து ரெண்டே வாரத்துல, ஜூலை 10 அன்னிக்கு, நியூ ஹாம்ப்ஷயர் ஜட்ஜ் லாப்லான்ட் இந்த குடியுரிமை ஆர்டரால பாதிக்கப்படற குழந்தைங்கள ஒரு கிளாஸா தற்காலிகமா ஏத்துக்கிட்டு தடை போட்டாரு. 2025 பிப்ரவரி 20லேர்ந்து பொறந்த, இனி பொறக்கப்போற குழந்தைங்க அதுல வராங்க, அம்மா ஹெச்-4 (ஹெச்-1பி வேலை விசாக்காரரோட குடும்பத்துக்குக் குடுக்கறது) மாதிரி தற்காலிக விசால இருந்து அப்பா சிட்டிசனோ கிரீன் கார்டு ஹோல்டரோ இல்லன்னாலும் வருவாங்க, நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் வீட்டு நிலைமை இதுதானே. ஆனா பெத்தவங்கள அந்த கிளாஸ்ல சேக்கல. அதான் கிளாஸ் டெஃபனிஷன வார்த்த வார்த்தையா படிங்கன்னு சொல்றேன், ஒரு தேதி மாறினாலும் வெளிய நிக்க வேண்டியதுதான்.

மாநிலங்கள் போட்ட கேஸ்னா தடை அகலமா இருக்கலாம், அத கீழ்க்கோர்ட்டே பாக்கட்டும்னு சுப்ரீம் கோர்ட் விட்டுடுச்சு. ஜூலை 23 அன்னிக்கு ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட், மாநிலங்களுக்கு முழு நிவாரணம் கிடைக்கணும்னா நாடு முழுக்கத் தடை வேணும்னு சொல்லி அப்படியே வெச்சுது. அரசாங்க ஏஜென்ஸி போட்ட விதியையே ரத்து பண்ணச் சொல்ற கேஸ் வேற ரகம், அதப்பத்தி காசா தீர்ப்பு கைவைக்கல.

கடைசியா, தடை ஆர்டர் மேல ஸ்டே வந்திருக்கான்னு டாக்கெட்ல (கோர்ட்டோட கேஸ் பதிவுல) பாருங்க, நேத்து இருந்த தடை இன்னிக்கு இல்லாமப் போகலாம். ஜஸ்டிஸ் சோட்டோமேயர் மறுப்புத் தீர்ப்புல பயந்த மாதிரியே, கேஸ் போட வழியில்லாத குடும்பம் தான் இதுல அடிபடும், எனக்கு இது மனசு ஆறல. உங்க ஊர்ல இலவசமா உதவற இமிக்ரேஷன் லீகல் எய்ட் ஆஃபீஸ் இருந்தா குழந்தையோட பொறந்த தேதி, அம்மா அப்பா ரெண்டு பேரோட விசா பேப்பர் எடுத்துட்டு இன்னிக்கே போயிடுங்க.