டிஸ்கோ தாளத்தில் ஜாஸ் கார்டு: சரளி வரிசை தெரிந்தால் போதும்

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கொஞ்ச நாள் பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு இது சுலபமாக வரும். சின்ன கீபோர்டு போதும். அது இல்லையென்றால் போனில் இலவசமாகக் கிடைக்கும் பேண்ட்லேப் செயலி. ஹெட்போன் கட்டாயம், மும்பை ஃப்ளாட்டில் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சத்தம் சுவரைத் தாண்டிப் போய்விடும்.

முதலில் தாளம்

வேகம் 118 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 118 தட்டு. தட்டுக்கு ஒரு 'தகதிமி' சொல்லுங்கள். ஒவ்வொரு 'த'விலும் கிக், ஒவ்வொரு 'தி'யிலும் திறந்த ஹை-ஹாட் (டிரம் செட்டின் ஜோடி ஜால்ரா), 2, 4-ஆம் தட்டுகளில் கைதட்டல். 1970-களின் தொடக்கத்தில் பிலடெல்பியா டிரம்மர் ஏர்ல் யங் வாசித்துப் பரவிய அடி இது. இதை மாற்றவே வேண்டாம். ஆட வருகிறவரின் கால் இதை நம்பித்தான் இருக்கிறது.

அப்புறம் கார்டு

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கார்டு என்றால் பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்துவது. ஒரு கட்டை சுருதி, சங்கராபரணம். வெள்ளைக் கட்டைகள் மட்டும். வலது கையில் (ஒரு பார் என்றால் நான்கு தட்டு):

முதல் பார்: ம த ச க (ச, க மேல் ஸ்தாயி)
இரண்டாவது: ம த நி க (க மேல் ஸ்தாயி)
மூன்று, நான்கு: க ப நி ரி (ரி மேல் ஸ்தாயி)

முதல் கார்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது 'ச' மட்டும் 'நி'க்கு இறங்குகிறது. ஒரே விரல்! ஆனால் பேஸில் (அடியில் ஒலிக்கும் கனத்த ஸ்வரம்) முறையே ரி, ப, ச என்று வாசிக்கும்போது மொத்த நிறமும் மாறிவிடும். ரி, ப, ச முறையே இரண்டாவது, ஐந்தாவது, முதல் ஸ்வரம் என்பதால் ஜாஸில் இதை 2-5-1 என்பார்கள். ஒவ்வொரு கார்டின் ஆதார ஸ்வரத்தையும் பேஸுக்கு விட்டுவிட்டதால்தான் வலது கை இவ்வளவு லேசாக இருக்கிறது.

பேஸ்: தகதிமியின் 'த'வில் கீழ் ஸ்தாயி, 'தி'யில் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயி. அவ்வளவுதான்.

அசைவு

கார்டைப் பிடித்து வைக்காமல், தகதிமியின் 'க', 'மி' இடங்களில் சுருக்கமாகத் தட்டுங்கள். அந்த இரண்டையும் மட்டும் மயிரிழை தாமதமாக்குங்கள், அதுதான் ஸ்விங். ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராட்ஜர்ஸ் ஜாஸ் கிடார் படித்தவர். அவர் டிஸ்கோவில் முழு கார்டைக் கூட வாசிக்காமல் இரண்டு மூன்று கம்பிகளைச் சுண்டியே ஆட வைத்தார். கேட்டுப் பாருங்கள்.

சரி, நான்கு பாரும் சுற்றட்டும். மேலே எந்த வெள்ளைக் கட்டையிலும் மனோதர்மமாக வாசிக்கலாம். மூன்றாவது, நான்காவது பாரில் 'ம'வில் மட்டும் நிற்காதீர்கள், கார்டில் உள்ள 'க'வோடு உரசும். தொட்டுவிட்டு 'க'வுக்கு இறங்கினால் அழகாக இருக்கும்.