என் கணினியில் சரியாகத்தானே தெரிகிறது? முதல் இணையதளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து முதல் இணையதளத்தைச் செய்து முடிக்கிறோம். லிங்க்கை நண்பருக்கு அனுப்புகிறோம். ‘எழுத்தெல்லாம் வருது, படத்தைத்தான் காணோம்’ என்கிறார். நம் கணினியில் திறந்தால் படம் பளிச்சென்று இருக்கிறது. அவருடைய போனில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டத் தோன்றும். அனேகமாகக் கோளாறு நம் பக்கம்தான். நமக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்று நம்பிவிடுவதில்தான் புதியவர்களின் பல தவறுகள் பிறக்கின்றன.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். படம் எங்கே இருக்கிறது என்று, பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் சொல்லும் இடத்தில், ‘சி’ டிரைவில் தொடங்கி டெஸ்க்டாப் வரை முழுப் பாதையையும் ஒட்டியிருப்போம். அது நம் கணினிக்குள் மட்டும் செல்லுபடியாகும் விலாசம். நண்பரின் போனில் அப்படி ஓர் இடமே கிடையாது. படத்தைத் தளத்தின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, பக்கத்தின் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து அதற்கு எப்படிப் போவது என்பதை மட்டும் எழுதினால் போதும்.

அப்புறமும் படம் வரவில்லையா? ஃபைலின் பெயரைப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகவே பாவிக்கும். தளங்கள் இருக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுபவை; அவை இரண்டையும் வேறு வேறு பெயராக எடுத்துக்கொள்ளும். கேமராவிலிருந்து வந்த படத்தின் பெயர் பெரிய எழுத்து ‘ஜேபிஜி’யில் முடிய, நான் சிறிய எழுத்தில் எழுதிவைத்து, ஒரு மாலை முழுவதும் நிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எந்த ஃபைலுக்கும் ஆங்கிலச் சிறிய எழுத்துதான். இடைவெளி வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு (-). தமிழிலும் பெயர் வைக்கலாம். ஆனால் அந்த லிங்க்கை நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளாக நீண்டு நிற்பது உண்டு.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘தமிழ்’ என்பது நமக்கு 3 எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அது 5 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். பக்கம் எந்த முறையில் எழுதப்பட்டது என்று சொல்லாவிட்டால், பிரவுசர் அந்த ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகப் படித்துவிடலாம். அப்போது தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வேறு கிறுக்கல்களும்தான் வரிசையாக நிற்கும். பக்கத்தின் தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதியின் முதல் வரியாக ‘மெட்டா சார்செட்’ போட்டு யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. அது ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் முதல் வரி என்கிறேன். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டுவதும் இதே குடும்பம்தான். அந்த எழுத்துரு இருப்பவருக்குத் தமிழ், மற்றவர்களுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

போனில் பக்கம் எறும்பு எழுத்தில் தெரிந்தால், ‘வியூபோர்ட்’ என்ற மெட்டா வரி விடுபட்டிருக்கும். அது இல்லாத பக்கத்தைப் போன் பிரவுசர்கள் சுமார் 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பிறகு சின்னத் திரைக்குள் சுருக்கிவிடும். படங்களில் வேறு ஒரு ஏமாற்று. போனில் எடுத்த படம் பல ஆயிரம் பிக்சல் அகலம் இருக்கலாம். நிரலில் அகலம் 300 என்று எழுதினால் அது சின்னதாகத் தெரியுமே தவிர, பார்க்கிறவர் முழுப் படத்தையும்தான் இறக்கியாக வேண்டும். ஏற்றுவதற்கு முன்பே சுருக்குங்கள். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே இதைச் செய்யும்.

சரி, எங்கே ஏற்றுவது? இதை ஒப்பிட்டுப் பார்த்தே பலர் ஒரு மாதத்தைக் கழிக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரே ஒரு பக்கத்தை நோட்பேடில் கையால் எழுதி, கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச இடத்தில் போடுங்கள். எடுத்தவுடன் பெரிய டெம்ப்ளேட்டை இறக்கினால் எந்த வரி எதைச் செய்கிறது என்பதே பிடிபடாது. முகப்புப் பக்கத்துக்கு ‘இன்டெக்ஸ்’ என்றே பெயர் வைக்க வேண்டும்; ‘ஹோம்’ என்று வைத்துவிட்டு, தளம் திறக்கவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. மாற்றம் செய்தவுடன் தெரியவில்லை என்றாலும் பதற வேண்டாம். வெளியாக 10 நிமிடம் வரை ஆகலாம். அதற்குப் பிறகும் பழையதே வந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

அங்கே நடக்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வரில் ஓட வேண்டிய பிஹெச்பி மொழி நிரல்கள் ஓடாது. அழகாகப் படிவம் செய்து ‘அனுப்பு’ பொத்தான் வைத்தாலும், எதிர்ப்பக்கம் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதற்குத் தனிச் சேவை வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் கடவுச்சொல் கேட்டுப் பக்கத்தைப் பூட்டுவதும் வேண்டாம். பிரவுசருக்கு வருகிற நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இலவசக் கணக்கில், ஃபைல்களை வைக்கும் களஞ்சியமும் எல்லோரும் பார்க்கும்படிதான் இருந்தாக வேண்டும். கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவி எதையாவது தெரியாமல் ஏற்றி, மறுநாள் அழித்தாலும், பழைய பதிவுகளில் அது கிடக்கும். அழிப்பதைவிட அந்தச் சாவியையே ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குவதுதான் வழி.

தளம் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் பக்கம் போகிறவர்கள் குழம்புவது பெயரில்தான். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருள். அது இலவசம், ஆனால் நிறுவ இடம் நாம்தான் தேட வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது இடமும் சேர்த்துத் தரும் சேவை. இலவச டொமைன், அதாவது தளத்துக்கான சொந்த முகவரி, தேடி அலையவும் வேண்டாம். டாட் டிகே போன்ற முகவரிகளை இலவசமாகக் கொடுத்துவந்த ஃப்ரீநாம் 2023இல் புதிய பதிவுகளை நிறுத்திவிட்டது. இடம் தருபவரே தரும் துணைப்பெயர் ஆரம்பத்துக்குப் போதும்.

இலவச இடம் என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையை 1999இல் யாஹூ வாங்கியது. 2009இல் ஜப்பானைத் தவிர மற்ற இடங்களில் மூடிவிட்டது. எத்தனையோ பேர் முதன்முதலில் செய்த பக்கங்கள் அங்கே இருந்தன. தளத்தின் முழுப் பிரதி ஒன்று உங்கள் கையில் எப்போதும் இருக்கட்டும். இழுத்துப் போட்டுச் செய்யும் கருவிகள் பலவற்றில் தளத்தை அப்படியே வெளியே எடுக்க வழி இருக்காது. சேர்வதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, லிங்க்கை யாருக்கும் அனுப்பும் முன் பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) ஒருமுறை திறந்து பாருங்கள். கூகுள் ட்ரைவில் வைத்த படத்தைப் பக்கத்தில் சேர்த்திருந்தால், உள்நுழைந்திருக்கும் உங்களுக்கு அது வரும், மற்றவர்களுக்கு வராமல் போகலாம். மறைநிலையில் நீங்களும் மற்றவர்தான். அங்கே படம் வந்துவிட்டால் நண்பருக்கு அனுப்புங்கள்.