பட்டனை அழுத்தினாலே விழுந்த கான்டாக்டர்: என் அனுபவம்
பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பட்டறைக்கு வருவது சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட். பழைய தைவான் லேத்துக்கோ 220 வோல்ட் த்ரீ ஃபேஸ் வேண்டும். அதனால், ஒரு மோட்டாரைச் சுற்றவிட்டு மூன்றாவது லைனை உண்டாக்கும் ரோட்டரி கன்வெர்ட்டர் வைத்தோம். கன்வெர்ட்டர் நன்றாகவே சுற்றியது. ஆனால் லேத்தின் பச்சை பட்டனை அழுத்தினால் கான்டாக்டர், அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச், படபடவென்று அடித்து இணைப்பை விட்டு விழுந்துவிடும்.

புது கான்டாக்டர் போட்டேன், அதே படபடப்பு. மோட்டாருக்குச் சுமை கூடினால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயும் நன்றாகவே இருந்தது. கன்வெர்ட்டரில் கெபாசிட்டரைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டியதில் கன்வெர்ட்டருக்குள் சுற்றும் ஐட்லர் மோட்டார் சூடானதுதான் மிச்சம்.

லைசென்ஸ் உள்ள வயர்மேன் அண்ணன் வந்து, லேத் கிளம்பும் அந்த நொடியில் மீட்டரைப் பார்க்கச் சொன்னார். வெளியிலிருந்து வரும் இரண்டு லைனுக்கு (அதில் ஒன்று நியூட்ரல்) இடையே 230 அசையவில்லை. கன்வெர்ட்டர் உண்டாக்கும் மூன்றாவது லைன் மட்டும் 160க்குச் சரிந்தது. கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் காயிலின் ஒரு முனை அந்த மூன்றாவது லைனில்தான் இருந்தது! வோல்ட் சரிந்ததும் காயிலால் பிடிக்க முடியவில்லை.

சரி, இரண்டு லைனை மாற்றினால் போதுமே என்றேன். கூடாது, மோட்டார் திரும்பிச் சுற்றும் என்றார். எங்கள் லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் மரையில் ஏறுவது. எதிர்த்திசையில் ஓடினால் கழன்று பறக்கும். அதனால் மூன்று வயரையும் வரிசை கலையாமல் ஒவ்வோர் இடம் நகர்த்தினார். திசை மாறவில்லை, காயிலுக்கும் நிஜ லைன் இரண்டும் கிடைத்தன. முதல் அழுத்திலேயே லேத் கிளம்பியது, அப்பாடா.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். ரெசிஸ்டரால் அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே அவர் கை வைத்தார். லேத் உடம்புக்கு எர்த் வயர் தனி. நியூட்ரலை அதோடு சேர்க்கவே கூடாது.