ஆலாபனை நடக்கும்போது அடுப்பு எரியக் கூடாது

எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். சில மாதம் இளம் பாடகர் ஒருவரை அழைத்து வீட்டுக் கச்சேரி வைப்போம், சில மாதம் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டு உட்கார்ந்து கேட்போம். கேட்டு முடித்ததும் சாப்பாடு, ஆளுக்கு ஒரு பதார்த்தம் வீட்டில் செய்து கொண்டுவர வேண்டும். எட்டு வருடமாக இப்படி ஓடுகிறது. இதே மாதிரி ஒன்றை எப்படித் தொடங்குவது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு காட்சி. எங்கள் இரண்டாவது கூட்டம், தி. நகரில் ஒரு நண்பர் வீடு. கூடத்தில் தோடி ராக ஆலாபனை, அதாவது பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது, ஆரம்பித்துவிட்டது. நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். நண்பரின் அம்மா அடுப்பருகே நிற்கிறார், வாணலியில் வடை வெந்துகொண்டிருக்கிறது, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் பத்து வருடம் பாட்டு கற்றவர். கீழே இறங்கி வரும் ஒரு பிடிக்கு, அதாவது ராகத்தின் ஒரு சின்னத் துண்டுக்கு, ஜல்லிக்கரண்டியை எண்ணெயிலிருந்து தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டார். பிடி முடிந்த பிறகுதான் வடையைத் திருப்பினார், அது ஒரு பக்கம் கருகியிருந்தது. எங்களுக்கு வடை போடுவதற்காக அவர் தோடியை இழந்தார். அந்த வடையை எனக்கு விழுங்க முடியவில்லை.

அன்றைக்கு வைத்துக்கொண்டதுதான் எங்கள் ஒரே சட்டம்: பாட்டு நடக்கும்போது சமையலறையில் யாரும் இருக்கக் கூடாது. என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது, யார் எதைக் கொண்டுவருவது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அதனால் கொண்டுவரும் பதார்த்தம் மூன்று மணி நேரம் மூடி வைத்தாலும் கெடாமல், சுட வைக்கத் தேவையில்லாமல், வைக்க வைக்க ருசி கூடுவதாக இருந்தால் உத்தமம். புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சேவை, சுண்டல், வற்றல்குழம்பு, இவையெல்லாம் பொறுமையாகக் காத்திருக்கும். வெண்பொங்கல் காத்திருக்காது, ஆறினால் இறுகிவிடும். பூரி, பஜ்ஜி, போண்டா வேண்டவே வேண்டாம். தேங்காய் அரைத்த எதையும் சித்திரை, வைகாசியில் தவிர்த்துவிடுங்கள். அப்பளத்தைக் காலையிலேயே பொரித்து, நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் சாயங்காலம் வரை மொறுமொறுப்பாகவே இருக்கும்.

புளியோதரையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டத்துக்கு இதைவிட ஏற்ற சாதம் கிடையாது. புளிக்காய்ச்சலை முதல்நாளே செய்துவிட வேண்டும். நூறு கிராம் பழைய புளி, அதாவது கறுத்த புளி, அதை வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் அரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். 150 மில்லி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, இரண்டு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, பத்து வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துப் புளித்தண்ணீரை ஊற்றுங்கள். சின்னத் தீயில் அரை மணியாவது கொதிக்கட்டும். எண்ணெய் விளிம்பில் பிரிந்து நிற்க வேண்டும், கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடக் கூடாது, அதுதான் பதம். இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, ஆறு வற்றல், ஒரு தேக்கரண்டி வெந்தயம், ஒரு மேசைக்கரண்டி எள், இவற்றைத் தனித்தனியாக வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்து, காய்ச்சலை இறக்கும்போது கலந்துவிடுங்கள். வெந்தயம் சிவந்தால் போதும், கறுத்தால் மொத்தமும் கசக்கும். கூடவே சுண்டைக்காய் அளவு வெல்லம்.

இது முக்கால் கிலோ அரிசிச் சாதத்துக்கு வரும். சாதத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிட்ட பிறகுதான் பிசைய வேண்டும், சூட்டோடு பிசைந்தால் குழைந்துவிடும். பிசைந்து இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும், சரியாக ஒரு கச்சேரி நேரம். நிலக்கடலையை மட்டும் தனியாக வறுத்துக் கொண்டுபோய்ப் பரிமாறும்போது தூவுங்கள், ஊறினால் நமுத்துப்போகும். அப்புறம், புளிக்காய்ச்சலை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைக்கவே கூடாது. எவர்சில்வர் நல்லது, கண்ணாடி அதைவிட நல்லது.

தயிர்சாதத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, காலையிலேயே தயிரை நிறைய ஊற்றுவது. சாயங்காலத்துக்குள் புளித்து வாயில் வைக்க முடியாது. ஒரு டம்ளர் அரிசியை நாலு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, இரண்டு டம்ளர் காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டி தயிர் மட்டும் கலந்து மூடிவிடுங்கள். கூட்டம் முடியும் நேரத்துக்கு அது தானாகவே தயிர்சாதம் ஆகியிருக்கும். உப்பும் தாளிப்பும் கிளம்பும்போது போதும். மாதுளை, திராட்சை போடுவதெல்லாம் உங்கள் இஷ்டம், எனக்கு இஞ்சியும் மாங்காய்த் துண்டும் போதும்.

ரசம் கொண்டுவருபவர் ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு ரசத்தை ஊற்றினால் நாலு மணி நேரம் கழித்தும் சுடச்சுட இருக்கும். காபி ஃபிளாஸ்க் வேறு, ரச ஃபிளாஸ்க் வேறு. எவ்வளவு கழுவினாலும் ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறும்.

நேரம். நாலு மணிக்குக் கூடினால் முதலில் காபியும் சின்னதாகக் கொறிக்க ஏதாவதும் மட்டும், ஒரு கைப்பிடி சுண்டல் என்றால் சரி. சாப்பாடு பாட்டுக்குப் பிறகுதான். முதலில் சாப்பிட்டுவிட்டுக் கேட்போம் என்று ஒருமுறை முயன்றோம், முதலில் பாடும் வர்ணம் முடியும்போதே மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். இன்னொரு விஷயம், சத்தம். பிளாஸ்டிக் பை சரசரப்பது, எவர்சில்வர் மூடி விழுவது, உள்ளே குக்கர் விசில். குக்கர் விசில் எந்தச் சுருதியோடும் சேராது. சவுக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், ஒரு கீர்த்தனை போய்க்கொண்டிருக்கும்போது அது எழுந்தால் பாடுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். துணிப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், வந்ததும் பாத்திரங்களை உள் அறை மேசையில் அடுக்கிவிடுங்கள்.

பாடவும் வாசிக்கவும் வருபவர்களுக்கு என்று சில ஏற்பாடுகள் வேண்டும். பாடகர்கள் பலரும் பாடுவதற்கு முன்னால் தயிர், எண்ணெய்ப் பண்டம், குளிர்ந்த தண்ணீர் தொட மாட்டார்கள். ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர், பக்கத்தில் பனங்கற்கண்டு வைத்துவிட்டால் அவர்கள் கேட்கவே வேண்டியிருக்காது. மிருதங்கக்காரருக்குக் கொஞ்சம் ரவை, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். இது பலருக்குத் தெரியாது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில், வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள், அந்தக் கனத்தில்தான் அடிநாதம் வருகிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வலது பக்கமான வலந்தலையில் நிரந்தரமாக இருக்கும் கறுப்பு வட்டத்திலும் சோறு இருக்கிறது, சோற்றோடு ஒரு வகைக் கறுப்புக் கல்லின் பொடியைச் சேர்த்து அரைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவார்கள். அரிசியும் கோதுமையும் இல்லாமல் மிருதங்கம் பேசாது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு ரவை டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

கலைஞர்களுக்கான சாப்பாட்டை எல்லோருக்கும் பரிமாறுவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். முடிந்ததும் நாலு பேர் அவர்களைச் சூழ்ந்துகொண்டு பேசுவார்கள், அவர்கள் தட்டெடுக்க வரும்போது அடிச்சோறுதான் மிஞ்சியிருக்கும். இரண்டரை மணி நேரம் பாடியவருக்கு எவ்வளவு பசி இருக்கும்!

யார் எதைக் கொண்டுவருவது என்பதை ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் பேசிவிடுங்கள், இல்லையென்றால் ஐந்து தயிர்சாதம் வரும். சமைக்கத் தெரியாதவர்களை ஒதுக்க வேண்டாம். ஒருவர் வாழையிலை, ஒருவர் பழம், ஒருவர் மேசை துடைப்பது. ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் ஒரு துண்டுத் தாளில் என்ன பதார்த்தம், நிலக்கடலை இருக்கிறதா, வெங்காயம் பூண்டு உண்டா, சர்க்கரையா வெல்லமா என்று எழுதி ஒட்டுங்கள். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத நண்பர் ஒருவர் எங்களோடு இருக்கிறார், அவருக்கு இது உயிர் விஷயம்.

அசைவம் பற்றி நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் யாரும் கேட்கவே இல்லை, சைவம்தான் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். தூத்துக்குடிக்கார நண்பர் ஒருவர், நாகஸ்வரம் என்றால் உயிரை விடுபவர், ஒவ்வொரு தடவையும் பழம் மட்டும் வாங்கி வருவார். ஏன் என்று நான் கேட்டபோது, “எங்க வீட்டுச் சமையல் இங்க ஆகாதே” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இப்போது இரண்டு மேசை போடுகிறோம், கரண்டிகள் தனித்தனி. அவர் மனைவி செய்யும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு எங்கள் சமையல் குறிப்பு நோட்டில் ஏழாவது பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்காரருக்குச் சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சம்மதமில்லை என்றால் அந்த மாதம் அப்படியே போகட்டும். ஆனால் கேட்காமலே முடிவு செய்யாதீர்கள்.

இனி அந்த நோட்டு. சமையல் குறிப்பைப் பகிர்வதில் பெரிய தடை “கொஞ்சம்”, “கண்ணளவு”, “ஒரு கை” என்ற மூன்று சொற்கள். நன்றாகச் சமைப்பவர்கள் யாரும் அளந்து போடுவதில்லை, கேட்டால் அவர்களாலேயே சொல்ல முடியாது. அதனால் கேட்காதீர்கள், கூட நின்று பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். மஞ்சளோ பருப்போ போடுவதற்கு முன் டப்பாவை ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள், போட்ட பிறகு ஒருமுறை. ஒரு நண்பரின் பாட்டி “ஒரு கை துவரம்பருப்பு” என்று போட்டது 38 கிராம், என் கைக்கு அது 55 கிராம். அவர் சொன்னபடியே செய்து என் கூட்டு ஏன் எப்போதும் கெட்டித்துப் போனது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. டம்ளரும் அப்படித்தான், ஒரு வீட்டில் 150 மில்லி, இன்னொரு வீட்டில் 200. தண்ணீர் ஊற்றி அளந்து, டம்ளரின் கொள்ளளவைப் பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். அரிசி புதிதா பழையதா என்பதையும், ஏனென்றால் புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும்.

அவர்கள் பேசுவதை அலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். கிளறும்போது தன்னையறியாமல் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. “இப்ப வாசனை மாறுது பாரு”, “சத்தம் அடங்கிடுச்சு, இனிமே இறக்கலாம்” மாதிரியான சொற்கள். தாளிப்பின் சத்தத்தை வைத்துப் பதம் சொல்பவர்கள் இருக்கிறார்கள், பாட்டு கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது சட்டென்று பிடிபடும். அந்தச் சொற்களை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். தப்பிப்போன கதையையும் எழுதுங்கள், எங்கே கருகியது, எப்படிச் சரிசெய்தோம் என்று.

எங்கள் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் பதார்த்தத்தின் பெயர், யார் வீட்டுக் கைப்பக்குவம், தேதி, அன்று என்ன கேட்டோம் என்று நாலும் இருக்கும். வற்றல்குழம்புப் பக்கத்தில் “காம்போதி, தனியில் கண்ட நடை” என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். காம்போதி அன்று கேட்ட ராகம், தனி என்பது மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி, கண்ட நடை ஐந்தைந்தாகப் போகும் தாளப் போக்கு. அதைப் பார்த்துச் சமைக்கும்போது அந்த மாலை முழுவதும் திரும்பி வருகிறது. நோட்டு ஒரே வீட்டில் தங்கக் கூடாது, மாதா மாதம் கை மாற வேண்டும். பக்கங்களைப் படம் எடுத்துக் குழுவிலும் போட்டுவிடுகிறோம், நோட்டு நனைந்தாலும் கவலையில்லை.

தை மாதம் திருவையாற்றுக்குப் போவதானால் முன்னேற்பாடு கொஞ்சம் கூடுதல். தியாகராஜர் ஆராதனையன்று, அதாவது புஷ்ய பகுள பஞ்சமியன்று, காலையில் அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்தைப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் இருக்கும் ஐந்தையும் முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்தால் பசி கண்ணை மறைக்கும். நாங்கள் வேனில் போவோம். முதல்நாள் காலை பிசைந்த புளியோதரை மறுநாள் மதியம் வரை அந்தக் குளிரில் நன்றாகவே தாங்கும், அதனோடு மிளகாய்ப்பொடி இட்லி. இட்லி நன்றாக ஆறிய பிறகு, நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் நாலு நாலாகக் கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் வேர்த்து நசநசக்கும். பாட்டு முடிந்து காவிரிக்கரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் யாராவது தெரியாதவர் இருப்பார், அவருக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் அதிகம் எடுத்துப் போங்கள்.

கடைசியாகப் பாத்திரங்கள். பெயர் வெட்டிய பாத்திரத்தில் கொண்டுவந்தால் எது யாருடையது என்று குழப்பமே வராது. பெயர் வெட்டாதது என்றால் அடியில் நெயில் பாலிஷால் ஓர் எழுத்து போட்டுவிடுங்கள். யாருடையதாவது உங்கள் வீட்டில் தங்கிவிட்டால் அடுத்த மாதம் திருப்பும்போது வெறுமையாகக் கொடுக்காதீர்கள், ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள். அந்தத் தோடி அம்மாவின் சம்படம் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு அவர் வீட்டில்தான் கூட்டம், புளிக்காய்ச்சல் அதில் போகிறது, அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி.